டீயைத் தொடாத மாப்பிள்ளை

“தலையணையை விட்டுத் தலையை மட்டும் தூக்குங்கண்ணா. கையை ஊணக் கூடாது.”

கட்டிலில் கிடந்த முனியப்பன் சிரித்தார். செம்மநத்தத்தில் அவரைச் செடிக்குப் பூச்சி மருந்து அடித்தபோது காற்று திரும்பி, மருந்தெல்லாம் தன் மேலேயே விழ, வாயில் நுரையோடு சேலத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

“ஏனுங்கம்மிணி, நேத்தும் இதையேதான் கேட்டீங்க. என்ற தலை எங்கீங்க போயிரும்?”

“எங்கயும் போகாது. தூக்குங்க, பார்ப்போம்.”

தூக்கினார். கழுத்து நரம்பு புடைக்க, சிரிப்பு மாறாமல், அவள் போதும் என்று சொல்லும்வரை தூக்கியபடியே இருந்தார். ஆஸ்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் கட்டைவிரல் ஓரத்தில் ஒட்டிய கம்பிகளைச் சரிபார்த்து, மணிக்கட்டில் சின்னதாய் மின்சாரம் கொடுத்தாள். விரல் துள்ளியது. திரையில் கோடு எழுந்தது. அடுத்தடுத்துக் கொடுத்தபோதும் கோடுகள் உயரம் குறையாமல் வரிசை கட்டி நின்றன.

ஆஸ்மா வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. உடலியல் படித்துவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நரம்புக்கும் தசைக்கும் நடுவே மயிரிழையை விடச் சின்னதாய் ஓர் இடைவெளி இருக்கிறது. நரம்பு அங்கே ஒரு துளி ரசாயனத்தைச் சிந்தினால் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் அந்தத் துளியைத் துடைத்துவிட உடம்பிலேயே ஆள் உண்டு. பூச்சி மருந்து அந்த ஆளைக் கட்டிப்போட்டுவிடும். துளிகள் தேங்கும். ஓயாமல் கூப்பிடும் குரலுக்கு ஆடி ஆடி, கடைசியில் தசைக்குக் காதே அடைத்துப்போகும்.

அதிலும் அவள் தேடிக்கொண்டிருந்தது இரண்டாவதாக வரும் தளர்ச்சியை. வாந்தியும் வேர்வையுமாய் வந்தவன் மருந்தில் தேறி, எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பான். பிழைத்துவிட்டான் என்று வீட்டார் துணிமணியை மூட்டை கட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துச் சிலருக்கு அது சத்தமில்லாமல் வரும். முதலில் கழுத்து. அப்புறம் தோள், இமை, தொண்டை. கடைசியில் மூச்சு. முன்கூட்டியே கண்டுபிடித்து மூச்சுக் கருவியில் போட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் திரும்பிவிடும். தவறவிட்டால் ஒன்றும் திரும்பாது.

“நாளைக்குத்தானே ரெண்டு வீட்டுப் பேச்சு?” என்றார் பேராசிரியர் தெரசம்மாள், வார்டை விட்டு வெளியே வந்ததும்.

“ஆமாங்க மேடம்.”

“முடிவு பண்ணிட்டியா?”

ஆஸ்மா தலையசைத்தாள். “இனி வாராவாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மலையேறிடறேன். திங்கக்கிழமை காலையில இறங்கிடறேன். நீங்க சரின்னா போதும்.”

“நான் எப்பவோ சரி. உன் வீட்டுக்காரர்கிட்ட முதல்ல சொல்லு. இங்க வந்து என்கிட்ட சொல்லிட்டிருக்கே.”

ஆஸ்மா வெட்கத்தோடு சிரித்தாள்.

அவள் கணவன் ஆரிப், அவளுக்குத் தூரத்து மாமன் மகன். தாய் தகப்பன் இல்லாமல் தகப்பனின் அண்ணன், பெரியத்தா சாதிக் பாஷாவின் கையில் வளர்ந்தவன். ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டமும் ஓட்டு வீடும் அவனுக்கு உயிர். கல்யாணத்துக்கு முன்னால், “படிப்பு முடிக்கிற வரைக்கும் நான் வந்து வந்து போறேன்” என்றவன்தான். ஆனால் மழைக்காலத்தில் மலையில் தனியே கிடந்தால் யாருக்கும் மனசு கோணலாகிவிடுகிறது. போன ஆடியில் அவள் விடுதி வாசலில் நின்று சண்டை போட்டான்.

“மருந்தைக் குடிச்சவன் மேல இருக்கிற அக்கறை கட்டுன புருசன் மேல இல்ல உனக்கு.”

அவளும் வாயை அடக்கவில்லை. “அப்ப நீங்களும் குடிச்சுட்டு வந்து என் வார்டுல படுங்க. நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.”

அதோடு அவன் வருவது நின்றது. போனும் நின்றது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு, சேர்ந்து வாழ்வதா பிரிந்துகொள்வதா, உட்கார்ந்து பேசிவிடுவோம் என்று சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். பிரிவதற்கு ஆஸ்மா மலையேறவில்லை. அவன் ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

மழையில் சாலை சரிந்ததால் பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனது. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடை அவள் அத்தா முகமது யூசுப்புடையது. கடைக்குப் பின்னால் வீடு. அம்மா ஜரீனா வீட்டை மெழுகாத குறையாகத் துடைத்து வைத்திருந்தாள். பெரிய பீங்கான் கோப்பைகள் அலமாரியை விட்டு இறங்கியிருந்தன. இந்தக் குடும்பங்களில் மனஸ்தாபம் பேசும்போது முதலில் டீ வரும். மாப்பிள்ளை மாமனார் வீட்டு டீயைக் குடித்துவிட்டால் பாதி பேச்சு முடிந்த மாதிரி. மிச்சப் பாதிக்குப் பெரியவர்கள் சும்மா இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆரிப் சின்னனின் ஜீப்பில் வந்து இறங்கினான். சின்னன் தலைச்சோலையில் அவனுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வீட்டுக்குள் வராமல் ஜீப்பிலேயே இருந்துகொண்டார்.

வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, இளைத்த முகம். ஆஸ்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். 

முகமது யூசுப் எழுந்து நின்று ஸலாம் சொன்னார். ஆரிப்பின் உதடு அசைந்தது. கை இடுப்புக்கு மேல் வரவில்லை. யூசுப் நீட்டிய கையை ஒரு நொடி அப்படியே வைத்திருந்து மடக்கிக்கொண்டார்.

“உக்காருப்பா” என்றார் முன்னமே வந்து உட்கார்ந்திருந்த சாதிக் பாஷா, அவசரமாக.

ஆரிப் நாற்காலியில் சாய்ந்தான். தலை மார்பில் தொங்கியது. ஏதோ தப்பு செய்த பையனைப் போல் தரையையே பார்த்தான்.

ஜரீனா தானே டீயைக் கொண்டுவந்தாள். “எடுத்துக்குங்க மாப்பிள்ளை. ஏலக்காய் போட்டிருக்கேன், உங்களுக்குப் பிடிக்குமேன்னு.”

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தான். ஒரு வாய் எடுத்ததும் புரையேறி இருமினான். டீ மூக்கில் ஏறி, சட்டையில் சிந்தியது. கோப்பையைக் கீழே வைத்தவன் மறுபடி தொடவில்லை.

யூசுப்பின் முகம் கறுத்தது. “ஏன் பாஷா அண்ணே, எங்க ஊட்டு டீ இறங்கலயாமா உங்க பையனுக்கு?”

“அட இருங்க சம்மந்தி. வெயில்ல வந்திருக்கான்.”

“எங்கிருக்குதுங்க வெயில்? ஒரு வாரமா ஊரே நனைஞ்சு கிடக்குது.”

சாதிக் பாஷா அசடு வழியச் சிரித்துவிட்டு, ஆரிப்பின் முழங்கையை இடித்தார். “சொல்லுப்பா, உன் மனசுல இருக்கிறதை.”

ஆரிப் ஏதோ சொன்னான். குரல் மூக்கு வழியாக, கஞ்சி குடித்த வாயோடு பேசுவதைப் போல வந்தது. ‘ஆஸ்மா’ என்பது மட்டும் காதில் விழுந்தது. மற்றது யாருக்கும் புரியவில்லை.

“தெளிவாப் பேசச் சொல்லுங்க” என்றார் யூசுப். “முணுமுணுக்கறதுக்கு இத்தனை பேர் எதுக்கு?”

ஆஸ்மாவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே நின்றாள். அத்தா முறைத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை.

“மச்சான், நான் ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கேன். நிமிந்து என்னைப் பாருங்க. சொல்லிடறேன்.”

அவன் தலை அசைந்தது. எழவில்லை. மெதுவாக வலது கையை நாற்காலிக் கையில் ஊன்றி, மோவாயை உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டான். அப்படித்தான் முகம் மேலே வந்தது. இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. தூக்கம் வருகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்பதைப் போல, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அரைக் கண்ணால் அவளைப் பார்த்தான்.

வார்டில் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் ஆஸ்மா ஓடியிருப்பாள். ஆனால் வார்டில் எல்லாரும் படுத்துக்கிடப்பார்கள். இங்கே அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதம் தான் காத்திருந்த மனுஷன் தன் முன்னால் கன்னத்தில் கை வைத்துத் தூங்கி வழிகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் நாக்கில் அப்படியே செத்துப்போயின.

“என்னைப் பார்க்கறதுக்கே இவ்வளவு சிரமமா இருந்தா, விட்டுடலாம்” என்றாள். “பெரியத்தா, உங்க பையனைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு அடுத்த பஸ் இருக்குது.”

ஆரிப்பின் கண்ணோரத்தில் நீர் வழிந்ததை ஜரீனா மட்டும் பார்த்தாள். டீ புரையேறியதால் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்மா சேலம் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. பஸ் நிலையத்தில் காலை வைத்ததும் போன் அடித்தது. சின்னன்.

“அம்மிணி, பாயி கூப்பிட்டாப் பேச மாட்டேங்குறாருங்க. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு கிடக்குதுங்க. எம் பொண்டாட்டி ராசம்மா கஞ்சி கொண்டுட்டு ஊட்டுக்குள்ள போனா...”

“என்னாச்சு? எதையாவது குடிச்சுட்டாரா?”

“ஐயோ, குடிக்கலீங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க. காப்பித் தண்டைத் துளைக்கிற வண்டுக்கு மருந்து பூசுனோமுங்க. சாக்கை மருந்துல முக்கி முக்கி வெறுங்கையிலயே தேச்சாருங்க, ரெண்டு நாளு. மழையில சட்டையும் காயல, அதையேதான் போட்டிருந்தாரு. அப்புறம் வாந்தி, வேர்வை. இங்கயே ஒரு ஆசுபத்திரியில சேத்தோம். நல்லாத் தேறிட்டாருங்க, எந்திரிச்சு நடந்தாரு. டாக்டரு போகாதேன்னாரு. ‘நாளைக்கு என் பொண்டாட்டி வர்றா, போயே ஆகணும்’னு கையெழுத்துப் போட்டுட்டு...”

ஆஸ்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுற்றிலும் பஸ்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, காலையில தலையை நிமித்த முடிஞ்சுதா அவரால?”

“அதானுங்க, கழுத்து நிக்கவே இல்லீங்க. ஜீப்புல நான்தான் தோள்ல சாச்சுக் கூட்டியாந்தேன். நொம்ப அசதின்னு நெனச்சேனுங்க.”

நாற்காலியில் தொங்கிய தலை. எழாத கை. புரையேறிய டீ. மோவாய்க்கு முட்டுக் கொடுத்த உள்ளங்கை. அவள் இரண்டு வருஷமாகத் தேடித் தேடிப் பதிவு செய்த அத்தனையும் அவள் வீட்டுக் கூடத்திலேயே, ஒவ்வொன்றாக, அவள் கண்முன் வந்துவிட்டுப் போயிருந்தன. நிமிர்ந்து பாருங்கள் என்று அவள் கேட்டதற்கு, அவன் தன்னால் முடிந்த ஒரே வழியில் நிமிர்ந்து பார்த்திருந்தான்.

  அவள் குரல் நடுங்காமல் வந்தது.

“அண்ணா, ஜீப்புல ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் யாராவது அவர் வாயில வாய் வெச்சு மூச்சு ஊதணும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, நெஞ்சு மேல ஏறுற மாதிரி. நிறுத்தவே கூடாது.”

“ராசம்மா இருக்கறாளுங்க அம்மிணி.”

“அக்காகிட்ட போனைக் குடுங்க.”

தலைச்சோலையிலிருந்து ஏற்காடு வரை அந்த வளைவுகளில் ராசம்மாள் ஊதினாள். தாலிக்கொடி அவன் மார்பில் இடிக்க, மூச்சு வாங்க, ஆஸ்மாவின் குரலைக் கேட்டுக் கேட்டு ஊதினாள். “விடாதீங்கக்கா, விடாதீங்க” என்று ஆஸ்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். போனில் சிக்னல் போன பிறகும் சொன்னாள்.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போட்டார்கள். ஆம்புலன்ஸ் குப்பனூர் வழியாக இறங்கி, சேலத்தில் அவள் வேலை பார்த்த அதே கட்டிடத்துக்கு அவனைக் கொண்டுவந்தது. உயிர் இருந்தது. ராசம்மாள் கஞ்சியோடு உள்ளே போவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் அவன் மூச்சில்லாமல் கிடந்தான் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் சின்னன் வார்டு வாசலில் துண்டை வாயில் வைத்து அழுதார். “நான் சொன்னேனுங்க அம்மிணி, ஒரு போன் போட்டுச் சொல்லிருங்கன்னு. ‘வேணாம்ணா. மருந்துன்னு சொன்னா, அன்னிக்குப் பேசுன பேச்சுக்காக நானே குடிச்சேன்னு நெனச்சுக்குவா. எனக்காக வரட்டும், என் சீக்குக்காக வர வேணாம்’னு சொல்லிப்போட்டாரு.”

ஆஸ்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரைக் கோபிக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. யூசுப் மகளை நெருங்கப் பயந்து, மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று நீட்டி மடக்கிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரங்கள் போயின. மூச்சுக் கருவியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாக ஆரிப் தானே மூச்சு விட்டான். ஒரு காலையில் கண் திறந்தான். ஆஸ்மா, “மச்சான்” என்று குனிந்தாள். கண் அவளைத் தாண்டிச் சுவரில் நின்றது.

“நரம்புப் பதிவை நான் எடுக்கறேன். நீ வெளிய இரு” என்றார் தெரசம்மாள்.

“இல்லீங்க மேடம். அவர் கையை நான்தான் பிடிப்பேன்.”

எத்தனையோ கைகளில் ஒட்டியவள், அந்தக் கையில் கம்பி ஒட்டத் தடுமாறினாள். மருந்து தேய்த்த விரல்களில் தோல் உரிந்து புதிதாக இளஞ்சிவப்பில் வளர்ந்திருந்தது. மின்சாரம் கொடுத்தாள். கட்டைவிரல் துள்ளியது. மறுபடி கொடுத்தாள். மறுபடி துள்ளியது. திரையில் கோடுகள் ஒன்றுக்கொன்று குறையாமல் எழுந்து நின்றன. நரம்பு பேசியது, தசை கேட்டது. இவ்வளவு நல்ல பதிவு இதுவரை அவளுக்கு ஒரு நோயாளியிடமும் கிடைத்ததில்லை.

“முழுசாத் திரும்பிடுச்சு” என்றாள்.

 தெரசம்மாள் அவள் தோளில் கை வைத்தார். மூச்சுக் காற்று கிடைக்காமல் பட்டினி கிடந்தது மூளை. அதற்கு அவர்கள் இருவரிடமும் கருவி இல்லை. இதுதான், இனி இப்படியேதான் இருக்கக்கூடும் என்று டாக்டர்கள் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்றபோது யூசுப் முதல்முறையாக மகளிடம் வாய் திறந்தார். “ஏரிக்கரை ஊட்டுக்குக் கொண்டாந்துருவோம் கண்ணு. அம்மா இருக்கா, நான் இருக்கேன். அவர் உடம்பைத் தொடைக்கற வேலை எனக்கு வேணும்.”

“நீங்க தினமும் வாங்கத்தா. ஆனா அவர் ஊடு தலைச்சோலையில இருக்குது.”

“உன் படிப்பு?”

“அப்புறம் பார்க்கலாம்.”

அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று தோட்டத்தில் காப்பி பூத்திருந்தது. ராசம்மாள் வீட்டைக் கழுவி, முன்னறையில் கட்டிலைப் போட்டு வைத்திருந்தாள். மருந்து டப்பாக்களைச் சின்னன் எங்கேயோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். நாலு பேராகத் தூக்கி ஆரிப்பைக் கிடத்தினார்கள். தலைமாட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. தொழும் திசையான கிப்லா அந்தப் பக்கம் என்றார் சாதிக் பாஷா. காத்து வர்றது இந்தப் பக்கமுங்க என்றாள் ராசம்மாள். கடைசியில் ராசம்மாள் சொன்னபடியே வைத்தார்கள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு ஆஸ்மா குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். வாயோரம் துடைத்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டாள். பிறகு முக்காலியை இழுத்து அவன் அருகில் உட்கார்ந்து, அன்றைக்குக் கூடத்தில் நாக்கில் செத்துப்போனதைச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை வந்துட்டுத் திங்கக்கிழமை போறேன்னு சொல்லத்தான் வந்தேன் மச்சான். மேடம்கிட்டக்கூட முன்னாடியே கேட்டுட்டேன்.”

கண்கள் திறந்துதான் இருந்தன. அவள் மேல் இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே, வெள்ளையடித்த சுவரின் ஒரு மூலையில் நிலைத்திருந்தன.

ஆஸ்மா எழுந்தாள். அவன் பார்வை போகிற வழியைக் குனிந்து, கட்டிலோடு கன்னம் வைத்துக் கவனித்தாள். பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பார்வை முடிகிற இடத்தில், சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“ம்” என்றாள். “இப்ப பாருங்க.”